அளப்பவர் பெயர்

கோட்கா துறைமுகத்தில், எங்கள் ஐந்து மாடிக் கட்டடத்துக்கு அடியில்
பாறையைக் குடைந்து ஓர் அறை.
அறுபத்திரண்டு பேருக்குக் கணக்கு.
ஒன்றும் நடக்காத வருடங்களில்
சறுக்குக் கட்டைகள், காற்றிறங்கிய சைக்கிள்கள்,
ரவுனோவின் விவாகரத்துக்கு முந்தைய சோபா.

மார்ச்சில் ஆய்வு.
கனத்த கதவின் ரப்பர் விளிம்பை விரலால் அழுத்திப் பார்த்தேன்.
தண்ணீர்க் கேன்களை எண்ணினேன்.
மஞ்சள் பெட்டியில் கருவி இருந்தது,
பேட்டரி இல்லை.
மூன்றாம் மாடி ஓய்வாவின் பொம்மை ரயில்
கிறிஸ்துமஸ் தொட்டு நிற்காமல் ஓடும் ரகசியம்
அப்போதுதான் புரிந்தது.

புது பேட்டரி போட்டதும்
முள் ஒருமுறை துள்ளிப் படுத்தது.
பிறகு டிக்.
வெகுநேரம் கழித்து
டிக்.
யாரோ நகத்தால் மேசையைத் தட்டி யோசிப்பது போல.

வெளியே, பனி உருகும் முற்றத்தில், பூஜ்யம் புள்ளி ஒன்று இரண்டு.
படியிறங்கி உள்ளே வந்தால் பூஜ்யம் புள்ளி மூன்று.
மறுபடி போனேன், மறுபடி வந்தேன்.
அதே.

எங்கள் பக்கத்துக் கருங்கல் சிவப்பு.
எதிலிருந்து காக்க இதைக் குடைந்தார்களோ
அதில் ஒரு சிட்டிகையை மடியில் முடிந்துகொண்டு
ஊர் பிறப்பதற்கு முன்பிருந்தே உட்கார்ந்திருக்கிறது.
கல்லாய்ச் சமைந்தான் என்கிறோம், வாய் திறக்காதவனை.
கல்லோ வாயே மூடுவதில்லை.

பயப்படும் அளவில்லை. கையேட்டில் இருக்கிறது.

கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு படிவம்:
‘கதவுக்கு வெளியே சென்று அளப்பவர் பெயர்.’
ஆறு வருடமாக வெறும் கோடு.
போன கூட்டத்தில் வாசித்தேன்.
ரவுனோ காபிக் கோப்பையின் அடியைப் பார்த்தார்.
சிர்க்குவுக்குத் திடீரென்று ஜன்னல் முக்கியமானது.
லோவீசா உலை மேற்கே நாற்பது கிலோமீட்டர்,
காற்றும் பெரும்பாலும் அங்கிருந்துதான்.
நான் மட்டும் என்ன,
மீன் முள் சிக்கியவள் போல இருமிவிட்டு
குப்பைத் தொட்டி விவகாரத்துக்குத் தாவினேன்.

இன்று பேனா கையில் இருந்தது.
வேறு காரணம் கேட்காதீர்கள்.
இர்மேலி ஹாப்பசாரி, இரண்டாம் மாடி.
எழுத்து கொஞ்சம் கோணல்,
சோபாவின் கைப்பிடியில் வைத்து எழுதியது.

டிக்.

மேலே போய் ஓய்வாவின் கதவைத் தட்டினேன்.
ஒரு பாக்கெட் பேட்டரியை நீட்டி,
‘இது ரயிலுக்கு. கீழே இருப்பது எனக்கு.’
காது மடல் சிவந்தாலும்
நான்கையும் எண்ணித்தான் வாங்கிக்கொண்டான்.