அனாமத்துக் கணக்கு

ஒரு பக்கம் எழுதினால் மறுபக்கமும் எழுத வேண்டும்.
இரட்டைப் பதிவில் இதுதான் முதல் பாடம் என்று
எட்டு மணிக்குத் தொடங்கினேன்.
இருபத்திரண்டு கறுப்புச் சதுரங்கள்
கேட்டன, அல்லது கேட்கவில்லை.

லாபிஸில் அன்று நல்ல மழை.
கீழ்வீட்டு மோட்டார் பட்டறையின் இரும்புக் கதவை
இழுத்துச் சாத்திய சத்தம்
என் மைக் வழியே போய்
குளுவாங்கில் யாரோ ஒருவர் காதில் விழுந்திருக்கும்.
"புரிகிறதா?" என்றேன்.
பதில் வராததை
புரிந்ததாகப் பதிந்துகொண்டேன்.

ஒன்பதாவது சதுரம் தவநேசன்.
முகம் தெரியாது. வருகை நூறு விழுக்காடு.
ஒப்படைப்பு மூன்றும் பூஜ்யம்.
மூன்று தவறினால் பெயரை நீக்கலாம்,
விதியை எழுதியவள் நானே.

நீக்கப் போன விரல்
எதற்கோ குப்பை அஞ்சலைத் திறந்தது.
அங்கே கிடந்தார் மனிதர்.
செம்பனை ஆலையின் எடைச்சீட்டுகள், அவற்றின் முதுகில்
பென்சிலால் கிழித்த பேரேடு.
தேதி தவறாமல் மூன்று.
முதல் கடிதத்தில்,
"மிஸ், இருப்பாய்வு இருபத்தேழு வெள்ளி இடிக்குது. எங்க தப்பு?"
இரண்டாவதில், "மிஸ், பாத்தீங்களா?"
மூன்றாவதில் படம் மட்டும்.
கேள்வி நின்றுபோன அந்த இடத்தில்தான்
எனக்குச் சுட்டது.

இரவு பத்தரைக்கு அழைத்தேன்.
மன்னிப்பை ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்,
அவர் முந்திக்கொண்டார்.
"நானும் ஒன்னு சொல்லணும் மிஸ்.
வகுப்புல என் பேருதான் இருந்துச்சி, நான் இல்ல.
லோரி வந்தா போனை டிராயர்ல போட்டுருவேன்.
சின்னப் பிள்ளைங்க நடுவுல கேக்கவும்
ஒரு மாதிரியா இருந்துச்சி."

அவர் இல்லாமல் வந்திருந்தார்.
நான் இருந்தும் பார்க்கவில்லை.
இரண்டு பொய்ப் பதிவும் ஒரே தொகைக்கு,
அதனால்தான் ஏடு நேராகத் தெரிந்திருக்கிறது.

வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால்
எண்கள் இடம் மாறியிருக்கும், தேடுங்கள் என்றேன்.
அவர் வரிவரியாக வாசித்தார்.
நடுவில், "இருங்க மிஸ்."
பாரவண்டி ஏறும் நடுக்கம்,
யாரோ மலாயில் கத்துவது, தவளைகள்.
திரும்பி வந்தவரிடம்
இப்போதுதானே ஒரு வண்டியை நிறுத்தீர்கள்,
மறுபடியும் எதற்கு என்றேன்.
"குலையோட ஒரு தரம், எறக்கிட்டு ஒரு தரம்.
ஒத்தை எடைய வச்சிக் காசு போட முடியாது மிஸ்."

டீசல் செலவு. அறுபத்து மூன்று
முப்பத்தாறாகக் கிடந்தது.
கண்டுபிடித்தது அவர். நான் சும்மா
போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.
ஆலைக்கும் என் மாடிக்கும் பதினொரு கிலோமீட்டர்.
எங்கள் குரல்கள்
எந்த நாட்டு எந்திரத்தைச் சுற்றி வந்தனவோ.

இருபத்தேழு வெள்ளி தீர்ந்தது.
போன மூன்று வாரத்தை
யார் பெயரில் பற்று எழுதுவது?
தெரியாத தொகையை
தெரியும் வரைக்கும் அனாமத்தில் வைப்பது வழக்கம்.
வைத்திருக்கிறேன்.
ஆண்டுக்கணக்கு முடிவதற்குள் தீர்க்க வேண்டும்.

அடுத்த செவ்வாய்
"புரிகிறதா?" என்று கேட்கவில்லை.
ஐந்தாம் வரியில் எவ்வளவு வரும் என்றேன்.
மௌனம் நீண்டது.
நிரப்பிவிடத் துடித்த நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
பட்டறைக் கதவு விழுந்தது.
அப்புறம் ஒன்பதாவது சதுரத்தில் ஒரு லோரியின் ஹாரன்,
"நானூத்தி எண்பது மிஸ்...
இருங்க, நிறுத்துட்டு வந்துடறேன்."

மற்ற இருபத்தொன்றும்
கறுப்பாகவே இருந்தன.
ஆறாம் வரிக்குப் போகாமல்
காத்திருந்தேன்.