எழுத்து அல்லாதவை

ஐந்து ரோட்டில், கிரைண்டர் கல் விற்கும் கடைக்கு மேல்
இரண்டாம் மாடியில்தான் அந்த ஒரு வரியை எழுதினேன்.
சதுர அடைப்புக்குள் முதலில் ஒரு தொப்பிக் குறி.
தொப்பி வைத்தால் அர்த்தம் தலைகீழ்:
எழுத்தையும் இடைவெளியையும் தவிர
மற்றதெல்லாம் போகட்டும்.
போன இடத்தில் இரண்டு மேற்கோள் குறி,
நடுவில் ஒன்றுமில்லை.

காரணம் இல்லாமல் இல்லை.
நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து டைட்டஸ் மேஸ்திரி
போனில் தட்டி அனுப்பும் பெயர்ப் பட்டியலில்
கமா, கோடு, நட்சத்திரம்,
கைதவறி ஒருவன் பெயரின் நடுவே விழுந்த
சிரிக்கும் மஞ்சள் பொம்மை.
காப்பிப் பழத்தோடு வரும் இலை, காம்பு மாதிரிதான்.
பொறுக்கி எறிந்துவிட்டுத்தானே எடை போடுவார்கள்?

சோதித்தும் பார்த்தேன். என் பெயரையே போட்டு,
முன்னும் பின்னும் நாலு கமா, ஒரு ஆச்சரியக்குறி.
சுத்தமாக வந்தது.
ஆங்கிலத்தில் போட்டிருந்தேன்.
தஸ்லீமோடு கீழே போய் தட்டுவடை செட் தின்றேன்.

நாலாவது சனிக்கிழமை மேஸ்திரி கூப்பிட்டார்.
"கிளியம்மாளுக்கு இன்னும் ஒரு பைசா ஏறலை.
மூட்டையைக் கீழ வச்சுட்டு உட்கார்ந்துட்டா."

பட்டியலைத் திறந்தேன்.
கிளியம்மாள் இல்லை.
காளியம்மாளும் இல்லை.
களயமமள என்று ஒருத்தி இருந்தாள்.
இருவர் பறித்த கிலோவையும் அவள் ஒருத்தியே பறித்திருந்தாள்.
முன்னெழுத்தாவது காப்பாற்றியிருக்கலாம்,
ஒருத்திக்கு மு, ஒருத்திக்கு மா.
இரண்டும் ம.

என் வரிக்குக் கொம்பு எழுத்தில்லை, கால் எழுத்தில்லை,
புள்ளி எழுத்தே இல்லை.
அது படித்த அரிச்சுவடியில் இவையெல்லாம் வெறும் குறிகள்.
தாளில் ஒன்றாய் நிற்கிற ளி
உள்ளே இரண்டு: ஒரு ள,
அதைத் தொற்றிக்கொண்டு ஒரு கொக்கி.

கமாவை எடுத்தால் கமா போகும், அவ்வளவுதான்.
புள்ளியை எடுத்துப் பாருங்கள்,
குறைவதில்லை, கூடுகிறது.
உதடு மூடி நின்ற ம்
உதடு திறந்து ம என்கிறது.
நீக்கு என்றுதான் சொன்னேன்.
யாரும் கேட்காத ஓர் அகரம்
அம்மாள்களின் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது.

என் பெயரைத் தமிழில் அடித்தேன். பூவிழி.
பவழ என்று வந்தது.
அழகாக வேறு இருந்தது, அதுதான் எரிச்சல்.
சேலம், சலம.
ஏற்காட்டில் ஏ மட்டும் தப்பியிருந்தது,
தனித்து நிற்கும் உயிர் என்பதால்.

திருத்தம் சின்னது. தொப்பிக்குப் பக்கத்தில்
குறிகளையும் விட்டுவை என்று இன்னும் நாலு தட்டல்.
ஆனால் போன குறி போனதுதான்.
களயமமளவைக் காட்டி
இதில் எந்தக் கிலோ காளி, எந்தக் கிலோ கிளி என்றால்
எந்த நிரலும் சொல்லாது.
மேஸ்திரியோ மெசேஜை வாராவாரம் அழித்துவிடுகிற ஆள்.

ஞாயிறு முதல் பஸ்ஸில் மலையேறினேன்.
பதினோராம் வளைவில் வயிற்றைப் புரட்டியது.
எடைக் கொட்டகையில் இருவரும் இருந்தார்கள்.
காளியம்மாள் போனஸ் என்று நினைத்து
இரண்டு மாதச் சீட்டைக் கட்டிவிட்டிருந்தாள்,
பையனுக்கு ஒரு ரெயின்கோட்டும்.
கொக்கி, புள்ளி என்று நான் ஆரம்பித்தேன்.
"பணம் எப்போ?" என்றாள் கிளியம்மாள்.

எடை நோட்டின் ஈரப் பக்கங்களை வைத்துக்கொண்டு
மூன்று மணி வரை கூட்டினோம்.
அப்புறம் போனை நீட்டி, பெயரை நீங்களே அடியுங்கள் என்றேன்.
கிளியம்மாளுக்குக் கறை பிடித்த விரல், கீ என்று விழுந்தது.
அழிக்கும் பொத்தானை ஒரு தடவை அழுத்தினாள்.
சுழி மட்டும் போனது. க நின்றது.

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.
"இப்படித்தானா?" என்று கேட்டுவிட்டு
கொக்கியைத் தேடத் தொடங்கினாள்.