படல்

நெகெலேயை விட்டு மண்சாலை இறங்கும் இடத்தில்
வானம் சட்டென்று அகலமாகிவிடும்.
அதுதான் எங்கள் மேய்ச்சல்.
ஒரு ஓரத்தைச் சோளத்துக்கு உழுதுவிட்டார்கள்.
மற்றதில் முள் ஏறிக்கொண்டிருக்கிறது.

தீ வைக்காதே என்றார்கள் ஒரு காலத்தில்.
வைக்கவில்லை.
என் மூத்தவள் நடை பழகியபோது இடுப்பளவு முள்,
அவள் மணமாகிப் போகையில்
மாட்டை மறைத்தது.

இப்போது வெட்டு என்கிறார்கள்.
வெட்டிய முள்ளையே இழுத்து வந்து
சுற்றிலும் வேலி போட்டோம்.
இரண்டு மழை பெய்து முடியும்வரை
உள்ளே ஒரு குளம்பும் படக்கூடாது.
கூட்டத்தில் கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி.

படலைச் சாத்துவது என் பொறுப்பு.
இன்னொன்றும் உண்டு:
விடியலில் கயிற்றைத் தரையோடு இழுத்து நடந்து,
வானம்பாடி எழும்பினால் நோட்டில் ஒரு கோடு.
பழுப்பு நிறம், நீண்ட பின்நகம்,
பார்க்க ஒன்றுமில்லை.
உலகத்தில் மிச்சம் இருப்பதை எண்ணிவிடலாமாம்.
தலைநகரத்துப் பெண் அதைச் சொல்கையில்
அவள் குரல் உடைந்தது.
"பால் தருமா?" என்றான் ஜிலோ.
அந்த வருடம் யாரும் சிரிக்கவில்லை.

பெருமழை ஐந்தே நாளில் முடிந்துபோனது.
உள்ளே முழங்கால் உயரப் புல்,
வெளியே வழித்த சட்டி.
மாடுகள் வேலியோரம் வந்து நிற்கும்.
அவை விடும் மூச்சில்
அந்தப் பக்கத்துப் புல் அசையும்.

என் செவலையை இரண்டு பேர்
வாலைப் பிடித்துத் தூக்கி நிறுத்திய இரவில்
படலை நானே விலக்கினேன்.
நிலா இல்லை.
துணி கிழிவதுபோல
அவள் மேயும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

விடிந்ததும் கயிற்றின் ஒரு முனை எனக்கு,
மறுமுனை கோதானாவுக்கு.
குளம்படியைப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான்.
கயிற்றைத் தொய்யவிடவில்லை.

ஒரு பறவை எழுந்தது.
எழுந்த இடத்தில், புல்தூரின் அடியில்,
மண்ணில் பதித்த கிண்ணமாய்க் கூடு.
மூன்று முட்டை.
என் மாட்டின் தடம்
அதற்கு ஒரு சாண் தள்ளி.

நோட்டில் எழுதினேன்:
பறவை நான்கு. கூடு ஒன்று.
கொஞ்சம் நின்று, அதற்குக் கீழே:
பசு ஒன்று, இரவில். திறந்தது டிராமு.

வெள்ளிக்கிழமை கூட்டம்.
அபராதம் எவ்வளவு போடுவார்களோ.
படலின் முள் உள்ளங்கையில் ஏறியிருந்தது;
பல்லால் கடித்து இழுத்துத் துப்பிவிட்டு
கயிற்றைப் பிடித்தேன்.
இன்னும் பாதி நிலம் நடக்க வேண்டும்.