எஃப் ஷார்ப்பில் ஒரு நாற்காலி

பாண்டியிலிருந்து வர கிட்டார்காரர்
ஏழாயிரம் கேட்டார். பஸ் காசு தனி.
வேல்நம்பியின் குறும்படத்தில் மொத்த இசைக்கே
நாலாயிரம்தான், அதிலும் பாதி பாக்கி.
ஆகவே கிட்டாரை நானே செய்கிறேன்,
கடலூர் முதுநகரில், ஐஸ் கம்பெனிக்கு மேல்மாடியில்,
இரண்டு ஸ்தாயி மட்டும் உள்ள கீபோர்டில்.

முதல் நாள் வந்தது கிட்டார் இல்லை.
கிட்டார் வேஷம் கட்டிய பியானோ.
எல்லா ஸ்வரமும் ஒரே நொடியில் இறங்கினால்
யார் நம்புவார்?
ஆறு கம்பி, ஒரே ஒரு பிக்.
மேலிருந்து கீழே வரும் கை
கடைசிக் கம்பியைத் தொட நேரம் பிடிக்கும்.
பன்னிரண்டு மில்லி செகண்ட். பதினேழு.
மறுபடி பன்னிரண்டு வைத்தால் மாட்டிக்கொள்வேன்.
ரேஷன் வரிசையில் நிற்பவர்களை
முழங்கையால் இடிப்பதுபோல்
ஒவ்வொரு ஸ்வரத்தையும் மவுஸால் கொஞ்சம் தள்ளினேன்.

ஆம்ப் என்பது திரையில் ஒரு படம்.
அதன் குமிழைத் திருப்பினால் படம்தான் திரும்புகிறது,
ஆனாலும் ஸ்பீக்கர் சூடாகிற வாசனை எனக்கு வந்தது.
டிஸ்டார்ஷன் புரிந்தது கீழே ஓடும் க்ரஷரால்:
கண்ணாடிபோல் ஒரு ஐஸ் பார் உள்ளே போகும்,
வெளியே கொட்டுவது வெள்ளை இரைச்சல்.
மூன்று பாரைச் சேர்த்துத் திணித்தால் கக்கிவிடும்.
மேஜர் கார்டும் அப்படியே கக்கியது.
காந்தாரத்தை எடுத்தேன்.
சட்ஜமும் பஞ்சமமும் மட்டும்.
உறுமியது.

இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று.
நகலெடுத்து ஒட்டினால் இரண்டாகாது,
ஒன்றே வந்து நெற்றி நடுவில் நிற்கும்.
வலதுக்கு முழுக்க மறுபடி வாசித்தேன்,
கொஞ்சம் அசதியோடு.
அசதி சரியாகப் பொருந்தியது.

மூன்று மணிக்குப் படகுகளுக்கு ஐஸ் ஏறி முடிந்து
க்ரஷர் நின்றது.
அப்போதுதான் கேட்டது.
க்ரீச்.
மூன்றாவது அடியில். பிறகு ஏழாவதில். பதினொன்றில்.
என் நாற்காலியா?
எழுந்து நின்று கேட்டேன்.
க்ரீச்.

எஃப் ஷார்ப், நடுத்தர அழுத்தம்.
மாறி மாறி வரும் நான்கு பதிவுகளில் மூன்றாவது.
டிலே, ரிவெர்ப், ஆம்ப் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்
தனியாக ஓடவிட்டேன்.
அங்கே யாரோ உட்கார்ந்திருக்கிறார்.

எந்த ஊரோ. ஆணோ பெண்ணோ.
ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு கட்டமாக,
மெல்ல, நடுவாக, ஓங்கி,
எல்லாம் நான்கு தடவை.
அடித்துவிட்டு அசையக் கூடாது.
ஒலி தானாக அணையும்வரை
மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.
பிறகு அடுத்தது.
ஒரு வாரம் இருக்குமா?
இரண்டு ஸ்வரத்தைச் சேர்த்து வாசிக்க
அவரை யாரும் விடவில்லை.
மடியில் கிட்டார், பாட்டு கிடையாது.
எஃப் ஷார்ப் வரும்போது இடுப்பு பிடித்திருக்கும்.
லேசாக நகர்ந்தார்.
பதிவு செய்தவர் கவனிக்கவில்லை,
அல்லது கவனித்து, மணியைப் பார்த்து,
போகட்டும் என்றார்.

ஒரு க்ளிக்கில் அந்தப் பதிவை நீக்கிவிடலாம்.
மீதி மூன்றை வைத்து ஓட்டலாம், யாருக்கும் தெரியாது.
பதினாலு இடத்தில் நீக்கினேன்.
சோலோவின் கடைசி ஸ்வரத்தில் விட்டுவைத்தேன்.
அதற்கு வளைந்து ஏறவேண்டும்;
உப்புக் காற்றில் துருவேறிய பிட்ச் வீல்
பாதியில் தடுக்கி, பிறகு ஏறியது.
நானாக வரைந்திருந்தால்
அந்தத் தடுக்கல் எனக்குத் தோன்றியிருக்காது.
நீண்ட எஃப் ஷார்ப்.
அது தேய்ந்து மறையும் இடத்தில்
அவர் நகர்ந்து உட்காருகிறார்.

காலையில் வேல்நம்பி ஹெட்போனை மாட்டி
முழுதும் கேட்டார்.
"ஆளை வச்சே எடுத்துட்டீங்களா? காசு?"
காசு அதேதான் என்றேன்.
மறுபடி கேட்டார்.
"கடைசியில ஏதோ சத்தம் வருதே. எடுத்துருங்க."
சரி என்றேன்.
அவர் பைக் ரயில்வே கேட்டைத் தாண்டியதும்
மூன்று டெசிபல் குறைத்தேன்.