வலப்பக்கம் உட்காருங்கள்

மார்ச் முப்பத்தொன்றுக்குள் எடுக்காவிட்டால்
இருபத்திரண்டு நாள் விடுப்பு
காலாவதி என்றது சுற்றறிக்கை.
புரசைவாக்கம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில்
பதினேழு வருஷமாக
பிறர் அணுக்களை எண்ணியவள்
என் நாட்களை எண்ணிப் பார்த்தேன்.

காலண்டர் அட்டையின் முதுகில்
மூன்று கட்டம் போட்டேன்.
பொங்கலையொட்டி ஐந்து நாள்.
பிப்ரவரியில் ஒரு வாரம்.
மார்ச் கடைசியில் மிச்சமெல்லாம்.
எங்கே என்ற இடத்தில் மூன்று கேள்விக்குறிகள்
சட்டை மாட்டாத கொக்கிகள் போல.

கேட்டுத்தான் பார்ப்போமே.

"வால்பாறை" என்றார் தணிகாசலம்,
சோதனைக் குழாய்களிலிருந்து தலை தூக்காமல்.
"நாற்பது கொண்டை ஊசி வளைவு.
எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள்."
எப்போது போனீர்கள் என்றேன்.
போகவில்லையாம்.
வளைவுக் கணக்கு மட்டும் மனப்பாடம்.

கீழ்வீட்டு மெஹருன்னிசா
தரங்கம்பாடி என்றாள்.
"விடியுமுன் போய் நில்.
அலை காலைத் தொடும்வரை
யாரும் பேசக்கூடாது."
யார் பேசாமல் இருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை.
அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.
அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மருந்துக்கடை கிஷன்லால் ஊரே சொல்லவில்லை.
வாந்திக்கு ஒரு அட்டை, வயிற்றுக்கு ஒரு அட்டை,
"எந்த ஊருக்கும் செல்லும்" என்று
எழுபத்தெட்டு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

அக்கா வீட்டுக்காரர் போனில்
ஒன்பது கோயில், ஒரே வேன், முப்பது பேர் என்றார்.
பிறகு குரலை இறக்கி, "தனியாகவா?"
எல்லோருமே அதை
ஓர் ஊரின் பெயர் மாதிரிதான் சொல்கிறார்கள்,
தண்ணீர் சரியில்லாத ஊர்.

எழும்பூர் போகும்போது
ஆட்டோக்காரர் ஏசுபாதத்திடம் கேட்டேன்.
தாம்பரம் தாண்டியதில்லையாம் அவர். ஆனாலும்,
"மூஞ்சியப் பாத்தாலே தெரியும் மேடம்.
கொடைக்கானல் போறவன் சண்ட போட்டுனே வருவான்.
திருச்செந்தூர் போறவங்க தூங்கினு வருவாங்க.
நீங்க எங்க போறவங்க மாதிரி இருக்கீங்க தெரியுமா..."
டவுட்டன் சிக்னல் பச்சையானது.
பின்னால் ஐம்பது ஹாரன்.
இறங்கும்வரை அவர் சொல்லவில்லை.
சில்லறை வாங்கும்போது கேட்க
எனக்கும் கூச்சமாக இருந்தது.

முன்பதிவு வரிசை.
புறப்படும் இடத்தை நிரப்பிவிட்டு
பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
முன்னால் நின்றவர் திரும்பினார்.
ராய்ச்சூர்க்காரர், துண்டு துண்டான தமிழ்,
கையைப் பிடித்தபடி ஒரு சிறுமி.
"ராத்திரிதான் ரயில். மெட்ராஸ்ல என்ன பாக்கணும்?"

நாற்பத்தாறு வருஷம் இங்கேயே இருந்தவள்
வாயடைத்து நின்றேன்.
வெள்ளிக்கிழமை, மியூசியம் மூடியிருக்கும்.
மெரினாவில் இந்நேரம் மணல் சுடும்.
பிறகு என் வாய் தானாகவே பேசியது:
"வேளச்சேரி போங்கள். அங்கே பறக்கும் ரயில்.
வலப்பக்கம் உட்காருங்கள்.
கால்வாய் நாறும், முகம் சுளிக்காதீர்கள்.
மொட்டைமாடிகள் கண்ணுக்கு நேராக வரும்,
போர்வைகள், மிளகாய், தலை துவட்டும் யாரோ.
கட்டிடங்களுக்கு இடையே கடல்
மூன்று தடவை தெரியும்,
கிழிந்த ரிப்பன் அளவுக்கு.
மூன்றாவதைப் பார்த்ததும் இறங்கிவிடுங்கள்."

"நீங்க எப்ப போனீங்க?" என்றாள் சிறுமி
அப்பாவை விட நல்ல தமிழில்.

ஜன்னல் கம்பியில்
என் கைக்கு மேலே இருந்த இன்னொரு கை.
"ரொம்ப நாளாச்சு" என்றேன்.

"எந்த ஊரும்மா?"
கவுண்டருக்குள்ளிருந்து குரல்.
பின்னால் வரிசை இருமியது.
தரங்கம்பாடிக்கு எங்கே இறங்கணும் என்றேன்.
"மயிலாடுதுறை. பொங்கல் நேரம்,
காத்திருப்புப் பட்டியல் பதினாலு. பரவால்லயா?"

பரவாயில்லை.

இன்னும் இரண்டு கட்டம் காலியாக இருக்கிறது.
உங்களுக்கு ஏதாவது ஊர் தெரியுமா?
நீங்கள் போயிருக்க வேண்டுமென்பதில்லை.