மீதிச் சில்லறை

இராமநாதபுரத்திலிருந்து மூக்கையூருக்கு
தினம் நாலு நடை.
எட்டு வருசமாய் என்னிடம் மீதி வாங்குகிறவர்கள்
உள்ளங்கையை விரிப்பதில்லை.
"சீட்டுல வைங்க" என்பார்கள்.
அல்லது, "இருக்கட்டும், இறங்கையில வாங்கிக்கிறேன்."
இறங்கையில் கேட்டவர் ஒருவருமில்லை.
இது ஒட்டாது, தொற்றாது என்று
டிக்கெட்டின் முதுகில் அச்சடிக்கவா முடியும்?

முழங்கையில் செதில், முழங்காலில் செதில்,
விரல் முட்டிகளில் வெள்ளிப் பொருக்கு.
படகில் ஏற வேண்டியவன் பஸ்ஸில் ஏறியதற்குக்
கடல் போட்ட அபராதம் என்பான் தம்பி.

கீழக்கரை டாக்டர் ஷாகிலா
எழுதித் தந்த களிம்பின் பேர்
நாக்கில் படிய ஒரு மாசம் ஆனது.
கால்சிபோட்ரியால்.
"வைட்டமின் டி-க்குச் சொந்தக்காரன்" என்றார்.
சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.
தையிலேயே தார் இளகும் சீமையில்
வெயிலை டியூபில் அடைத்து விற்கிறார்களே!

ஜெசிந்தா கல்யாணத்துக்குப் பதினேழு நாள் இருந்தது.
தாய்மாமன் நான். அரைக்கைப் பட்டுச் சட்டை
தைத்து வந்தாயிற்று.
டாக்டர் சொன்னது, மெலிசாக.
எனக்குக் கேட்டது, சீக்கிரமாக.
சீட்டெடுத்த பணத்தில் பெட்டியோடு வாங்கி
நாளுக்கு ஒரு டியூப்,
வள்ளத்துக்குக் கீல் பூசுவதுபோல் அப்பினேன்.
புருவத்தையும் விடவில்லை.
கண்ணோரம் மிளகாயாய் எரிந்தது.
அதுபோக, எலும்புக்கு நல்லது என்று
யாரோ தந்த கால்சியம் மாத்திரை வேறு.

பன்னிரண்டாம் நாள் பிடித்தது தாகம்.
ஏர்வாடியில் ஒரு பாட்டில்,
சாயல்குடிக்குள் இன்னொன்று.
இடையில் ரெண்டு தரம் உடைமரத்தோரம்
வண்டியை நிறுத்தினார் வில்வதுரை, முனகிக்கொண்டே.
வயிறு கல்லு. சோற்றைப் பார்த்தால் குமட்டல்.
நூறு ரூபாய்த் தாளைக் கையில் வைத்துக்கொண்டு
இருபத்தெட்டுப் போக மீதி எவ்வளவு என்று
நின்றேன், நின்றேன்.
பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது.

"ரெமிஜியுஸ், ரத்தத்துல கால்சியம் ஏறிக்கிடக்கு.
மேல பூசுனாலும் உள்ள போகும்யா" என்றார் டாக்டர்.
சங்கும் பவளப்பாறையும் தன்னைக் கட்டுவது
அதை வைத்துத்தானாம்.
மூணு நாள் சொட்டு நீர் ஏற
மெத்தையில் கிடந்து யோசித்தேன்,
எனக்குள் எதைக் கட்டப் பார்த்தது அது?

கல்யாணத்தைப் போனில் பார்த்தேன்.
என் சட்டை தம்பிக்குத் தோளில் பிடித்தது.

ரெண்டாம் முறை ரத்தம் பார்த்துச்
சரி என்ற பிறகுதான்
மூடியைத் திறக்கவே விட்டார்.
இப்போது ராத்திரி, கடைசி நடை முடிந்து.
ஆள்காட்டி விரலின் முதல் மடிப்புவரை ஒரு கோடு.
ரெண்டு கை அகலத்துக்கு அது போதும்.
டிக்கெட் கிழிக்கிறவனுக்குப் புரியாதா,
ஒரு தலைக்கு ஒன்றுதான்.
முகத்துக்குக் கிடையாது.
தடவிய விரலைச் சோப்புப் போட்டு,
கண்ணில் பட்ட நாளை நினைத்து,
இன்னொரு தரமும் கழுவுவேன்.
வாரக் கணக்கு டிரிப் ஷீட்டின் ஓரத்தில்.
பிள்ளையின் கரப்பானுக்கு ஒரு துளி கேட்டாள் மதினி.
தரவில்லை. இன்னும் பேசுவதில்லை அவள்.

எட்டாவது வாரம் முழங்கை இளைத்தது.
முழுசாய்ப் போகவில்லை. போகாதாம்.
போய்ப்போய் வருமாம், நம்ம வண்டி மாதிரி.

நேற்று காலை, முதல் நடை.
கூடைக்கார பிலோமி உள்ளங்கையை நீட்டினாள்.
ரேகையெல்லாம் சாளைச் செதில்.
பன்னிரண்டு ரூபாயை அதில் வைத்தேன், விரல் பட.
"இப்பதான் பயமில்லாம வாங்குற, என்ன?" என்றேன்.
"எப்பவும் இப்படித்தான வாங்குறேன்" என்றாள்.
"நீருதான் சீட்டுல வச்சிட்டுப் போயிருவீரு."