ஏழு கிலோ முன்னூறு

முதலில் எடை.
பள்ளத்தூர் முக்கு பலசரக்குக் கடையில்
தராசிலிருந்த வெங்காயத்தை இறக்கச் சொல்லி
விளக்கை ஏற்றினேன்.
ஏழு கிலோ முன்னூறு.
"கிலோ என்ன விலை?" என்றார் கடைக்காரர்.
சாமான் வாங்க நின்றவர்கள் சிரித்தார்கள்.

முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கியதாம்.
பித்தளைக் கிண்ணம், பச்சைக் கண்ணாடி.
சங்கிலியில் இரண்டு வளையம் மட்டும் புதுசு,
வாய் சரியாக மூடாதவை.
இடுக்கியால் நெரித்து மூடினேன்.

அடுத்தது, மேலே என்ன இருக்கிறது என்பது.
காங்கிரீட் என்றால் ஆங்கர் போல்ட்.
துளையின் தூசியை ஊதி எடுக்காமல் அடித்தால்
பிடித்தது மாதிரி நடிக்கும், ஆறு மாதம்.
ஜிப்சம் என்றால் பலகையை நம்பக் கூடாது,
அதையும் தாண்டிப் போய்க் கூரையைத் தேட வேண்டும்.
காரைக்குடிப் புது வீடுகளில் பாதி நாள்
ஒன்றுமில்லாததைத் தட்டித் தட்டிக்
காது கொடுத்துக்கொண்டிருப்பேன்.

இங்கே தேக்கு உத்தரம். கவலையில்லை.
திருகைவிட மெலிந்த பிட்டால் துளை,
மரைக்குக் கொஞ்சம் சோப்பு,
கடைசி இரண்டு சுற்று கையால்.
விளக்கின் எடையைப் போல் நான்கு மடங்கு
கொக்கி தாங்க வேண்டும். அது என் கணக்கு.
சந்தேகம் வந்தால்
முப்பது கிலோ அரிசி மூட்டையை மாட்டிவிட்டு
மறுநாள் வருவேன்.
ஆத்தங்குடியில் ஒரு வீட்டில்
காலையில் போனால் மூட்டையைக் காணோம்.
கொக்கி அசையவில்லை.
அரிசி உலையில் கொதித்துக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் சொன்னேன் உமையாள் டீச்சரிடம்.
நாலு பங்காளி வீட்டில் மூணாம் பங்கு, தனி மீட்டர்,
மாடியில் மகனுடைய அறை.
சிரிக்கவில்லை அவர்.
உத்தரத்தைப் பார்த்தபடி கேட்டார்:
"விளக்கை மட்டும் தாங்குற கொக்கி இருக்கா?"

இருக்கு டீச்சர், நாலு மடங்கே தாங்கும்.

"இல்லப்பா. விளக்கை மட்டும்.
அதுக்கு மேல கனம் வந்தா
விட்டுரணும்."

இருபத்திரண்டு வருஷமாக
விழக் கூடாது என்பதற்காகவே ஏணி ஏறுகிறேன்.
விழ வேண்டும் என்று கேட்டு
ஒருவரும் கூப்பிட்டதில்லை.
ஏணியைப் பிடித்திருந்த சேவுகன்
என் முகத்தைப் பார்த்தான்.
அப்புறம்தான் நான் அறையைப் பார்த்தேன்.
காற்றாடி கழற்றிய பழைய கொக்கி.
மூலையில் ஸ்டாண்டு ஃபேன், விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல்.
கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில்
நான்கு துளை,
அங்கே மட்டும் மரம் வெளுத்து.

ஒன்றும் கேட்கவில்லை.
பச்சை விளக்கைத் திரும்பப் பெட்டியில் வைத்தேன்.
செக்காலை ரோட்டுக்கு வண்டியை விட்டேன்.
வட்டமாக, தட்டையாக, கூரையோடு ஒட்டிக்கொள்வது.
நானூறு கிராம். குட்டித் திருகு நான்கு.
கடைக்காரப் பையன் கேட்டான்,
"என்ண்ணே, சின்ன வேலையா?"

பழைய கொக்கியை அறுக்க நாற்பது நிமிஷம்.
இரண்டு பிளேடு முறிந்தது.
மீந்த முனையை அரத்தால் ராவி
விரலால் தடவிப் பார்த்தேன்,
இன்னும் ராவினேன்.
ஒரு நூல்கூட மாட்டாது இனி.

பச்சை விளக்குக்குக் கீழே கால் வைத்துத் தருகிறேன்,
மேஜைமேல் நிற்கும் என்றேன்.
டீச்சர் தலையை மட்டும் ஆட்டினார்.

டியூஷன் முடிந்து பையன் வந்தான்.
சுவிட்சை இரண்டு தரம் போட்டுப் போட்டு அணைத்தான்.
அண்ணாந்து வெகுநேரம் நின்றான்.
நாங்கள் மூன்று பேரும் அவனைப் பார்க்காத மாதிரி
சாமான்களைப் பொறுக்கினோம்.

"வெள்ளையா, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்றான்.

ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு போல,
இருமலோடு வந்தது டீச்சருக்கு.
"மஞ்சள்ல கிடைக்குமாப்பா?"

கிடைக்கும்.
கடை எட்டரைக்குத்தான் சாத்துவான்.
மறுபடியும் காரைக்குடி.
வண்டிப் பெட்டியில் அறுத்த கொக்கி
வழி முழுக்கச் சத்தம்.